காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால்: நடையா, பலூனா, பைபாஸா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கால்வலி என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா என்பதுதான். ஏற்றத்தில் கெண்டைச்சதை கயிறு முறுக்கினாற்போல் இறுகி, நின்ற ஐந்து நிமிடத்துக்குள் விட்டுவிட்டால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இறக்கத்தில் வலி கூடி, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் தணிகிறது என்றால் முதுகுத்தண்டு நரம்பைச் சந்தேகப்பட வேண்டும். இறங்கும்போது முட்டி மட்டும் நோவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். சமவெளியில் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கச் சிரமப்பட வேண்டும். இங்கே வீட்டுக்கு ஏறும் படிக்கட்டே சொல்லிவிடும்.

ரத்தக்குழாய்தான் என்று உறுதியானால் மூன்று வழிகள் முன்னால் நிற்கும்: மருந்தோடு முறையான நடைப்பயிற்சி, குழாய்க்குள் பலூனை விரித்து அடைப்பைத் திறப்பது அல்லது ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைப்பது, அடைப்பைத் தாண்டிப் புதுக் குழாய் ஒட்டும் பைபாஸ் அறுவை. சாயம் செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோவின் ரிப்போர்ட்டில் ‘100 சதவீத அடைப்பு’ என்று படித்ததும் வீடே கலங்கிப்போகிறது. உடனே கீழே கோயம்புத்தூருக்குப் போய் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று யாராவது கிளம்புகிறார்கள். தொடைக் குழாய் முழுக்க அடைத்தும் வருடக்கணக்கில் சந்தைக்கு நடந்து போய்வருகிறவர்கள் உண்டு. அதைவிடக் குறைந்த அடைப்பில் விரல் கறுத்தவர்களும் உண்டு. இவர்களைப் பிரிப்பது அடைப்பைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போகும் பக்கக் குழாய்கள். டாக்டர்கள் ‘கொலாட்டரல்’ என்பது இவற்றைத்தான்.

பக்கக் குழாய் எப்படிப் பெரிதாகிறது

பர்லியார் பக்கம் மண் சரிந்து குன்னூர் சாலையை மூடினால் வண்டிகள் கோத்தகிரி வழியாகத் திரும்பிவிடுகின்றன. அந்தச் சாலை ஏற்கெனவே இருந்ததால்தான் திரும்ப முடிகிறது. காலிலும் அப்படியே. இடுப்பிலிருந்து இறங்கும் பெரிய தமனி தொடை மடிப்பில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராக முழங்காலுக்குப் பின்புறம் ஓடுகிறது. அடைப்பு அதிகம் வருவது இதில்தான், குறிப்பாகத் தொடையின் உட்புறச் சதைக்குள் நுழைந்து பின்னால் திரும்பும் இடத்தில். மற்றது புரொஃபண்டா என்னும் ஆழ்தொடைத் தமனி. இதன் கிளைகள் முழங்காலைச் சுற்றியுள்ள மெல்லிய குழாய்களோடு பிறவியிலேயே கைகோத்திருக்கின்றன. நேர்க் குழாய் மெல்ல மெல்ல அடைபடும்போது அடைப்புக்குக் கீழே அழுத்தம் குறைகிறது. மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு என்றால் ரத்தம் இந்தச் சிறு இணைப்புகள் வழியே வேகமாகப் பாய்கிறது. அந்த உராய்வை உள்சுவர்ச் செல்கள் உணர்ந்து வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. சுவர் கலைத்துக் கட்டப்பட்டு, குழாய் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அகலமாகிறது.

இதில் ஒரு கணக்கு முக்கியம். குழாயில் ஓடும் அளவு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அரை மில்லிமீட்டர்க் குழாய் ஒரு மில்லிமீட்டர் ஆனால் 16 மடங்கு ரத்தம் போகும். ஆனால் 5 மி.மீ. பெரிய குழாய் ஒன்றுக்கு ஈடாக 1 மி.மீ. குழாய்கள் 625 வேண்டும். அதனால்தான் பக்கக் குழாய் நன்றாக வளர்ந்தவருக்கும் உட்கார்ந்திருக்கும்போது வலியே இல்லை, மேடேறினால் வலிக்கிறது. ஓய்வில் சதை கேட்பது கொஞ்சம். ஏற்றத்தில் கேட்பது பல மடங்கு.

ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மயிரிழைக் குழாய்கள் புதிதாக முளைப்பதும் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்த ஏமாற்றம் பெரிது. காலில் ஊசி வழியே மரபணு செலுத்திப் புதுக் குழாய் முளைக்க வைக்கும் சிகிச்சையை ஆராய்ந்த டமாரிஸ் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. காலை எடுப்பதையோ மரணத்தையோ அது குறைக்கவில்லை. மயிரிழைகள் ஆயிரம் முளைத்தாலும் பெரிய குழாயின் வேலையைச் செய்யாது என்பதை மேலே சொன்ன நான்காம் அடுக்குக் கணக்கே காட்டிவிடும்.

ஒரு பழைய சேதி. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், முழங்காலுக்குப் பின்னால் தமனி பலூன்போல வீங்கிய ஒரு குதிரைவண்டிக்காரருக்கு 1785-ல் தொடையிலேயே அந்தத் தமனியைக் கட்டிப்போட்டார். கால் அழுகவில்லை. அதற்கு முன் ஆண் மான் ஒன்றின் கழுத்துத் தமனியைக் கட்டி, குளிர்ந்துபோன கொம்பு சில நாளில் மறுபடி சூடானதைத் தொட்டுப் பார்த்தே அவருக்குத் துணிவு வந்தது என்று சொல்வார்கள். வளர்கொம்பின் மேல்தோலுக்கடியில் ரத்தம் ஓடும் சூட்டை முதுமலைக் கடமானை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒப்பீடு யாருக்கு இல்லை

திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் எந்த வழி என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. இதயத்திலிருந்து ரத்தக்கட்டி பெயர்ந்து வந்து குழாயை அடைத்திருக்கலாம். வால்வு நோய், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்கு இது வரும். பக்கக் குழாய் வளர நேரமே கிடைத்திருக்காது. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் சதை சாகத் தொடங்கும். ஊட்டியிலிருந்து கோவை இறங்கவே 3 மணி நேரம். 108-ஐக் கூப்பிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட முடியுமா என்று கேட்டுவிட்டு உடனே இறங்க வேண்டும். காலை வென்னீரில் வைத்துப் பார்ப்போம், விடியும்வரை பொறுப்போம் என்பதெல்லாம் காலை இழக்கும் வழி.

கணுக்கால் எண்

முடிவெடுக்க முதலில் வேண்டியது ஆஞ்சியோ அல்ல, ஏ.பி.ஐ. என்ற எண். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுப்பது. இரண்டு கையிலும் பார்த்து அதிகமானதை எடுக்கவேண்டும். காலில் பாதத்தின் மேற்புறம், உள்கணுக்காலுக்குப் பின்புறம் என இரு இடத்தில், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் பேனா வைத்துப் பார்த்து அதிகமானதை எடுக்கவேண்டும். கை 140, கணுக்கால் 84 என்றால் 0.60. 1.0-லிருந்து 1.4 வரை இயல்பு, 0.90-ம் அதற்குக் கீழும் அடைப்பு, 0.40-க்குக் கீழ் கடுமை.

மலையில் இந்தச் சோதனை தவறாகப் போவது குளிரால். டிசம்பர் காலையில் ஜில்லென்ற காலோடு வந்தவரைப் படுக்க வைத்ததும் டாப்ளரை வைத்தால் சத்தமே கிடைக்காது. ‘துடிப்பு இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். சாக்ஸ் போட்டு, கம்பளி போர்த்தி, 10 நிமிடம் படுக்க வைத்த பிறகு பார்க்கவேண்டும். சத்தத்தையும் கவனிக்கவேண்டும். நல்ல தமனி ஒரு துடிப்பில் மூன்று பகுதியாக, சுளீரென்று அடிக்கும். பக்கக் குழாய் வழியே ரத்தம் வரும் தமனி ‘ஹூ… ஹூ…’ என்று ஒரே இழுவையாக, காற்று வீசுவதுபோல் ஒலிக்கும். எண் குறைவாக இருந்தும் இந்த இழுவை தெளிவாகக் கேட்டால், மாற்றுவழி வேலை செய்கிறது என்று பொருள்.

சர்க்கரை நீண்டகாலமாக உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையால் அழுத்தவே முடியாமல் எண் 1.4-க்கு மேல் பொய்யாக உயரும். அவர்களுக்குக் கட்டைவிரல் அழுத்தம் பார்க்கவேண்டும்; 30-க்குக் கீழே என்றால் புண் ஆறுவது கடினம்.

வீட்டில் பார்க்கக்கூடியது ஒன்று: படுத்து இரண்டு காலையும் 45 டிகிரிக்கு ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள், பிறகு கட்டிலில் உட்கார்ந்து தொங்கவிடுங்கள். தூக்கும்போது வெளுத்து, தொங்கவிட்டதும் செக்கச் செவேலென்று ஆனால் அடைப்பு கடுமை. அந்தச் சிவப்பைப் பார்த்து ‘ரத்தம் நல்லா ஓடுது’ என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுத் தூங்குகிறவர் ஏற்கெனவே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

நடையும் மருந்தும்

நடந்தால் மட்டும் வலி, ஓய்வில் இல்லை, புண் இல்லை என்றால் முதல் தேர்வு இதுதான். இப்படிப்பட்டவர்களில் காலை இழப்பவர்கள் மிகச் சிலர். ஆனால் 5 ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வருகிறது. எனவே மருந்து காலுக்காக மட்டும் இல்லை: ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 75 மி.கி. அல்லது குளோபிடோக்ரெல் 75 மி.கி., கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின் 40 முதல் 80 மி.கி., ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றாலும் மற்ற இரண்டையும் கேட்டு வாங்கவேண்டும். நடைதூரத்தைக் கூட்ட சிலோஸ்டசோல் 100 மி.கி. இரு வேளை கொடுப்பார்கள். சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் அல்லது 2 மணி நேரம் கழித்து. தலைவலியும் படபடப்பும் வரலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் சாப்பிடுகிறவருக்கு அளவு பாதியாகும். சீட்டு எழுதும்போது அதைச் சொல்லிவிடவேண்டும்.

நடையில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ‘தினமும் எஸ்டேட்ல நடக்கிறேனே’ என்பார்கள். கொழுந்து பறிக்கையில் நாலு அடி, நிற்றல், நாலு அடி. வலி வருமளவுக்கு நடையே தொடர்வதில்லை. அது உழைப்பு, பயிற்சி அல்ல. பயிற்சி என்பது 3 முதல் 5 நிமிடத்தில் ‘இதுக்கு மேல முடியாது’ என்பதற்குச் சற்று முன்புவரை வலி வரும் வேகத்தில் நடந்து, நின்று, வலி முழுக்கப் போகும்வரை காத்திருந்து, மறுபடி நடப்பது. நிற்பதையும் சேர்த்து முதல் வாரம் 30 நிமிடம், பிறகு ஐந்தைந்தாகக் கூட்டி 50 நிமிடம். வாரம் 3 நாள், குறைந்தது 12 வாரம். லேசாக வலித்ததுமே நின்றுவிட்டால் பலன் குறையும்.

இடத்தேர்வில் மலை சதி செய்யும். செங்குத்தான ஏற்றத்தில் ஒன்றரை நிமிடத்தில் வலி வந்து நின்றுகொண்டே இருப்பீர்கள், மொத்த நடை சேராது. முதல் 6 வாரம் சமமான இடம் வேண்டும்: ஊட்டி ஏரிக்கரைச் சாலை, பள்ளி மைதானம், எஸ்டேட்டில் மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் போகும் வண்டிப்பாதை. கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கி.மீ. கிடைத்திருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். பிறகு மென்மையான மேட்டைச் சேர்க்கலாம். மழையில் விட்டுப்போகும் நாளுக்கு வீட்டிலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது ஓரளவு ஈடுகட்டும்.

12 வாரத்தில் வலியில்லாமல் நடக்கும் தூரம் பலருக்கு இரட்டிக்கிறது. ஆனால் ஏ.பி.ஐ. எண் பெரிதாக மாறுவதில்லை. பக்கக் குழாய் விரிவது ஒரு பங்குதான். கிடைக்கும் ஆக்சிஜனைச் சதை சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுவது இன்னொரு பெரும்பங்கு. எண் மாறவில்லையே என்று மனம் தளர வேண்டாம், தூரத்தை அளந்து பாருங்கள். இடுப்புக் குழாய் அடைத்தவர்களை வைத்து நடத்திய கிளெவர் ஆய்வில் (2012), ஆறு மாதத்தில் டிரெட்மில் நேரம் ஸ்டென்ட் வைத்தவர்களைவிட மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களுக்கே அதிகம் கூடியது.

பீடி விடாதவருக்கு இதன் பலன் பெரிதும் குறையும். அதிலும் 45 வயதுக்குள், பீடி சிகரெட் பழக்கம், விரல் நுனியில் புண் என்றால் பர்ஜர் நோயாக இருக்கலாம். ஆஞ்சியோவில் பக்கக் குழாய்கள் தக்கைத் திருகுபோலச் சுருண்டு தெரியும். அடைப்பு மிகச் சிறிய குழாய்களில் என்பதால் ஸ்டென்ட்டும் பைபாஸும் பெரும்பாலும் கைகொடுக்காது. புகையிலையை முழுக்க விடுவதே வைத்தியம்; ‘ஒரு நாளைக்கு ரெண்டு மட்டும்’ என்பதற்கு இடமில்லை.

பலூன், ஸ்டென்ட்

தொடை மடிப்பில் ஊசித் துளை, ஓரிரு நாள் ஆஸ்பத்திரி, உடனே காலில் சூடு. கவர்ச்சி புரிகிறது. இடுப்புக்குள் இருக்கும் குட்டையான அடைப்புக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. குழாய் அகலம், ஓட்டம் வேகம், வருடக்கணக்கில் திறந்திருக்கும். ஏற்றத்தில் வேலை செய்தே ஆகவேண்டியவருக்கு 12 வாரம் முடியும்வரை காத்திருக்காமல் இதைச் செய்துவிட்டு நடையையும் சேர்ப்பது நியாயம். இரண்டும் சேர்ந்தால் நடை மட்டும் செய்வதைவிட அதிகத் தூரம் கிடைக்கிறது என்று இரேஸ் ஆய்வும் (2015) காட்டியது.

தொடையில் நீண்ட அடைப்பு வேறு கதை. வெறும் பலூன் மட்டும் என்றால் ஓராண்டுக்குள் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மறுபடி சுருங்குகிறது. மருந்து பூசிய பலூனும் ஸ்டென்ட்டும் இதைக் குறைக்கின்றன, ஒழிப்பதில்லை. யாரும் நோயாளியிடம் விளக்காத ஒரு விலையும் உண்டு. பக்கக் குழாய்கள் பிரியும் வாயும் திரும்பச் சேரும் வாயும் அடைப்பின் இரு முனையை ஒட்டியே இருக்கும். நீளமான ஸ்டென்ட் அந்த வாய்களின்மேல் படுத்துவிட்டால், பின்னாளில் ஸ்டென்ட் அடைக்கும்போது பழைய மாற்றுவழியும் இல்லாமல் போகும். நடந்தால் வலி என்று போனவர் ஓய்விலேயே வலியோடு திரும்புவது இப்படித்தான். இன்னொன்று, நேர்க் குழாயில் ஓட்டம் வந்ததும் அழுத்த வித்தியாசம் மறைந்து, வளர்ந்த பக்கக் குழாய்களும் சுருங்கத் தொடங்கும். முழங்கால் மடிப்பைத் தாண்டி வைக்கும் ஸ்டென்ட் மடங்கி மடங்கி உடையவும் செய்யும். முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களை, வெறும் நடைவலிக்காகத் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

போகும்முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்திருக்கவேண்டும், குழாயைப் படமெடுக்கச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைத் தாக்கலாம். முடிந்த அன்றே பஸ் ஏறாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று மணி நேரம் குலுங்கி உட்கார்ந்துவந்தால் தொடை மடிப்பில் ரத்தம் கட்டும். ஓர் இரவு கீழேயே தங்குங்கள். துளையில் ரத்தம் வந்தால் படுக்கவைத்து, துளைக்குச் சற்று மேலே விரலால் விடாமல் அழுத்தவேண்டும்.

பைபாஸ்

காலின் நீண்ட மேல்சிரையை எடுத்துப் புதுக் குழாயாக ஒட்டுவது. பக்கக் குழாய்கள் செய்ய முயன்றதை ஒரே அகலமான வழியாகச் செய்துகொடுக்கிறது. சிரை 3 மி.மீ.க்குக் குறையாமல் நல்லதாக இருந்தால் தொடை பைபாஸ் 5 ஆண்டு கழித்தும் பத்தில் ஏழு திறந்திருக்கும். விலை: ஒரு வாரம் ஆஸ்பத்திரி, 100-ல் 2 பேர் அளவுக்கு உயிராபத்து, தொடை மடிப்புக் காயம் சீழ் பிடித்தல், இரண்டு மூன்று மாதம் கால் வீக்கம். பிறகு 1, 3, 6, 12-ஆம் மாதங்களில் ஸ்கேனுக்குக் கீழே போகவேண்டும். சுருக்கத்தை ஸ்கேனில் பிடித்தால் சரிசெய்யலாம், முழுக்க அடைத்தபின் பிடித்தால் பெரும்பாலும் முடியாது. இந்த நான்கு பயணத்துக்கு வழியில்லாத வீட்டில் பைபாஸின் பாதிப் பலன் போய்விடும்.

இது முக்கியமாக ஓய்விலும் வலி, ஆறாத புண், கறுத்த விரல் உள்ளவர்களுக்கு. அவர்கள் 12 வார நடைக்குக் காத்திருக்கக் கூடாது. புண்ணோடு நடப்பதே கெடுதல். நல்ல சிரை இருந்தால் பைபாஸே முதலில் என்று பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வு (2022) சொன்னது. முழங்காலுக்குக் கீழ் அடைப்பில் பலூனே முதலில் என்று பேசில்-2 (2023) எதிர்ப்பக்கம் சொன்னது. நடைமுறையில், சிரை நன்றாக, இதயம் தாங்கும், புண் பெரிது என்றால் பைபாஸ். வயது அதிகம், இதயம் பலவீனம், சிரை மெலிவு என்றால் பலூன். சிரையை இப்போதே காப்பாற்றி வையுங்கள்: காலில் டிரிப் ஊசி குத்த விடாதீர்கள்.

எந்த வழியானாலும் மலையில்

குளிரில் தோல் குழாய்கள் சுருங்கும். கம்பளிச் சாக்ஸ் போதும். கணப்புச் சட்டிக்கு அருகில் காலை நீட்டுவது, வென்னீர்ப் பை வைப்பது, சர்க்கரையால் மரத்த காலில் தெரியாமலே சுட்டுவிடும். ரத்தம் குறைந்த காலில் சுட்ட புண் ஆறாது. நீலகிரித் தைலம் தேய்த்தால் சூடு தெரிவது தோலில்தான், அடைத்த தமனி திறக்காது. தைலம் தேய்த்துவிட்டுச் சூடும் காட்டுவது இன்னும் மோசம். ஈரப் பூட்ஸுக்குள் விரலிடுக்கு ஊறிப் பிளந்தால் அங்கிருந்துதான் புண் தொடங்குகிறது. மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி கூடையிலேயே இருக்கட்டும். ஆணிக்காலை பிளேடால் சீவ வேண்டாம். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரை அட்டை கடித்தால் ரத்தம் நிற்க நேரமாகும். 15 நிமிடம் துணியால் அழுத்துங்கள், அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கீழே போகும்போது கையில் இருக்கவேண்டியவை: ஏ.பி.ஐ. எண், கிரியேட்டினின், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, சமதளத்தில் வலி வரும்வரை எத்தனை மீட்டர் என்ற கணக்கு. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அறுவை மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். புரொஃபண்டா திறந்திருக்கிறதா? ஸ்டென்ட்டின் கீழ்முனை முழங்காலுக்கு எவ்வளவு மேலே நிற்கும்? இது ஒருநாள் அடைத்தால், இப்போது ரத்தம் கொண்டுபோகும் பக்கக் குழாய்கள் மிச்சம் இருக்குமா?